வண்டியா, என் கையா

1937 பிப்ரவரி 8, திங்கள்

காலை ஏழு வரை பனி. எதிர் வீடே பாதிதான் தெரிந்தது. மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு மோகனூர்ச் சாலையில் போனேன், தனியாக. மார்கழிக் காய்ச்சலுக்குப் பிறகு நான்காவது முறை.

சமமான சாலையில் ஒரு குறையும் இல்லை. தண்ணீரில் மிதப்பது போல. மாட்டுவண்டித் தடங்கள் குறுக்கிட்ட இடத்தில் வண்டியின் மூக்கு இடப்பக்கம் துள்ளியது. திருப்பினேன். அதற்குள் வலப்பக்கம். எதிரே செம்மறி மந்தை. பிரேக். கடைசி ஆட்டுக்கும் எனக்கும் ஒரு முழம்.

ஆட்டுக்காரர் கோபப்படவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "ஏனுங்கம்மிணி, இதுக்கு மூக்கணாங்கயிறு குத்தலீங்களா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கோர்ட்டுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மூணு வாரம் படுத்த ஒடம்பு. கையில பலம் இல்ல. வண்டிய என்னத்துக்குச் சொல்றே?" மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் வலித்தது. ஆத்தூர் ரைஸ் மில்காரர் ஒருவர் வண்டியைக் கேட்கிறாராம். ஞாயிறன்று வருகிறாராம்.

நானே சொன்னேன்: குறை என் கையில் என்றால் நானே இறங்கிக்கொள்கிறேன். வண்டியில் என்றால், வண்டி இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது.

"நிரூபிக்கோணும்" என்றார். வக்கீல்.

பிப். 9, செவ்வாய்

பனி குறைவு. பார்த்தவை:

டயர் – காற்றைக் குறைத்து ஓட்டினேன். மாற்றம் இல்லை.
முன் சக்கரங்கள் – தூக்கி நிறுத்தி இரண்டு கையாலும் ஆட்டினேன். ஆட்டம் இல்லை.
ஸ்டியரிங் – துளி தளர்ச்சி. போன வருஷமும் அவ்வளவுதான்.
கிரீஸ் – எல்லா இடத்திலும். புடவையிலும்.
என் கை – ஊசியில் நூல் கோத்தேன். முதல் தடவையிலேயே. இதைச் சாட்சியாக ஏற்பார்களா?

மத்தியானம் கண்ணயர்ந்தபோதும் சாலை எனக்குக் கீழே ஓடிக்கொண்டே இருந்தது. இருபுறமும் ஆமணக்கு. தூரத்தில் கொல்லிமலை, நீலமாக, வண்டியோடு கூடவே நடந்து வரும் ஒரு பெரிய பிராணி போல. ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது இந்த வண்டியை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கனவுகூட இல்லை. இரண்டே பேர் உட்காரலாம், கூரை இல்லை, ஒன்றுக்கும் உதவாது என்றார்கள். ஓட்டும்போது எனக்கு வயது இல்லை. யாருக்கும் எதுவும் இல்லை நான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது.

எழுந்ததும் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெலிந்துதான் இருக்கின்றன. வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

பிப். 11, வியாழன்

நேற்று முழுதும் மழை வரும் போல இருந்தது, வரவில்லை. இன்று வெயில்.

யோசனை: ஓட்டாமலே பார்த்தால்? கையே இல்லாமல்?

ஸ்டியரிங்கை அவருடைய துண்டால் சீட்டோடு இறுக்கிக் கட்டினேன். முன் சக்கரத்தில் ஒரு விளக்குமாற்றுக் குச்சி, நுனி தரையைத் தொடும்படி. சமைக்கிற பாவாயியைக் கூப்பிட்டு, வண்டியின் முன்பக்கத்தின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னேன்.

"நானுங்களா? பொறவு ஒடிஞ்சு போச்சுன்னா பாவாயிதான் ஒடிச்சான்னு ஐயா கோர்ட்டுல ஏத்தீருவாரு சாமி."

"ஒடியாது, உட்காரு."

நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்தாள். குச்சி நகர்ந்தது. எழுந்தாள். திரும்பி வந்தது. மண்ணில் ஒரு சின்னக் கோடு, பிறை மாதிரி.

ஸ்டியரிங் கட்டிக் கிடக்கிறது. தொடுவார் இல்லை. அடியில் உள்ள ஸ்பிரிங் வில் அமுங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்புகிறது!

"இன்னுங் குதிக்கோணுங்களா?"

"இன்னும்."

பத்துத் தடவை. பத்துத் தடவையும் அதே கோடு. பாவாயிக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் கண் கலங்கியது. மண் தூசி என்று அவளிடம் சொன்னேன்.

சாயங்காலம் பழைய நோட்டில் படம் போட்டேன். கல்லூரியில் கணக்குப் படித்தது இருபது வருஷம் கழித்து இப்படி வந்து நிற்கிறது. அச்சு ஏறி இறங்குவது ஒரு வட்டத்தின் துண்டு. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனை ஏறி இறங்குவது இன்னொரு வட்டத்தின் துண்டு. இரண்டும் ஒட்டிப் போனால் வண்டி நேரே போகும். விலகினால், ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பி சக்கரத்தைத் தள்ளும். என் வண்டியில் கம்பி சரிந்து கிடக்கிறது. முன்பு இப்படி இல்லையே.

அவரிடம் கேட்டேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது முன் வில்லில் ஒரு இரும்புப் பட்டை ஒடிந்துவிட்டதாம். சேந்தமங்கலம் சாலைப் பெரியண்ண ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்தாராம். "சொல்ல மறந்துட்டேன்." மறந்துவிட்டாராம்!

பிப். 12, வெள்ளி

தெளிந்த வானம். ஆசாரி பட்டறை. வாசல் முழுதும் வில்வண்டிகள், சக்கரம் இல்லாமல், முழங்கால் மடக்கியவை போல.

"வில்லுன்னா வளைஞ்சு நிக்கோணுமுங்க அம்மிணி. அது சப்பையாக் கெடந்துச்சு. காய்ச்சல்ல கெடந்து எந்திரிக்கற ஒடம்பு, அலுங்காமப் போகோணும்னுட்டு ரெண்டு பக்கமும் நல்லா வளைச்சு உட்டேன்."

எனக்காகச் செய்தது. கோபப்பட முடியவில்லை. கம்பியைக் காட்டினேன். மண்ணில் இரண்டு வட்டங்களையும் வரைந்தேன். வெகு நேரம் குனிந்து பார்த்தார்.

"வில்வண்டியில திருப்பறது மாடுங்க. வில்லு எப்படி இருந்தா மாட்டுக்கென்ன? இதுல திருப்பறதும் வில்லுமேலயே குந்தீருக்குதா!" நெற்றியில் தட்டிக்கொண்டார். "மாடில்லாத வண்டின்னு நெனப்பே வரலீங்க."

பழைய வளைவு எவ்வளவு? யாருக்கும் தெரியாது. பிறகு அவரே இரும்புக் குவியலைக் கிளறி, ஒடிந்த பட்டையின் இரண்டு துண்டுகளையும் எடுத்தார். அரிவாள் அடிக்க வைத்திருந்தாராம். ஒட்டவைத்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட நேர்க்கோடு. லேசான ஒரு புன்னகை அளவு வளைவு.

மாலை வரை தட்டினார். நான் கல்லில் உட்கார்ந்திருந்தேன். சுத்தியல் சத்தத்தில் தூக்கம் போல ஒன்று. எங்கேயோ புளியம்பழம் உலுக்குகிறார்கள். நேரம் போனதே தெரியவில்லை.

பிப். 13, சனி

பாவாயியை மறுபடி உட்காரவைத்தேன். குச்சி நின்ற இடத்திலேயே நின்றது. மண்ணில் ஒரு புள்ளி மட்டும்.

கோர்ட் இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு அதே சாலை, அதே தடங்கள். வண்டி குலுங்கியது, ஆனால் நேராகக் குலுங்கியது. சோளத் தட்டை வாசனை. ஆற்றங்கரை வரை போய் நின்றோம். மணல் வெள்ளையாக, நடுவில் கொஞ்சம் தண்ணீர்.

திரும்பும்போது, "நான் ஓட்டறேன்" என்றார். அவர் ஓட்டி இரண்டு வருஷம் இருக்கும். தடங்களின் மேல் வேண்டுமென்றே ஏற்றினார். நேரே போனது. இன்னொரு தடவை ஏற்றினார். நேரே.

"ம்" என்றார். அவ்வளவுதான். குறை என் கையில் இல்லை என்ற ஒரு வார்த்தை வரவில்லை. ஞாயிறு பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப். 14, ஞாயிறு

காற்று. பத்து மணிக்கு ஆத்தூர்க்காரர் தம் காரில், டிரைவருடன். நான் கதவோரம். வண்டியைத் தடவிப் பார்த்தார், ஹாரனை அழுத்திப் பார்த்தார், குழந்தை மாதிரி.

"அழகா இருக்குது வக்கீல் சார். நம்ம டிரைவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமே?"

டிரைவர் வண்டிக் கதவில் கை வைத்தான். எவ்வளவு நன்றாகப் போகும் என்று எனக்குத் தெரியும். சரிசெய்தவளே நான்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. "பாக்கட்டுங்க. ஒண்ணு மட்டும் சொல்லீரோணும். மேடு பள்ளத்துல சட்டுனு ஒரு பக்கமாப் பாயுமுங்க. எங்க ஊட்டுக்காரி கைக்கு மட்டுந்தான் அடங்குது. என் கைக்கே அடங்கல." டிரைவரைப் பார்த்தார். "ஏப்பா, உனக்குப் புள்ளகுட்டி இருக்குதா?"

டிரைவர் கையை எடுத்துவிட்டான்.

பச்சைப் பொய். முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஆத்தூர்க்காரர் என்னை மரியாதையோடு திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, காபி கொண்டுவர உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் பாவாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.