நாலு செக்கன் தாமதம்

2008 மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூடுபனி. பத்து மணிக்குள் சுள்ளென்று வெயில். மூன்றாம் மாடியில் மின்விசிறி இரண்டில் ஒன்றுதான் சுற்றுகிறது.

இன்று ஓடியது. ஏழு மாத வேலை.

கொம்பியூட்டர் லாப்பின் மூலையில் உள்ள பெரிய கொம்பியூட்டரில் விண்வெளிப் பறப்பு சிமியுலேட்டர். இலவசமாக இறக்கியது. மறு கோடியில் உள்ள பழைய கொம்பியூட்டரில் பிரவுசரைத் திறந்து முகவரியை அடித்தால், நான் எழுதிய பலகை வருகிறது. முன், பின், இடம், வலம், மேல், கீழ் என்று ஆறு பொத்தான். இங்கே அழுத்தினால் அங்கே கலம் நகர்கிறது. பழைய கொம்பியூட்டரில் எதையும் ஏற்றத் தேவையில்லை. பிரவுசர் மட்டும் போதும்.

முதலில் அழுத்தியவர் நெட்வேர்க் பார்க்கும் நிஸாம். நேரே கொண்டுபோய் விண்வெளி நிலையத்தில் மோதினார். “நம்மட கண்டி பஸ் ஓட்டினாலும் இவ்வளவு மோசமா ஓட்ட மாட்டேன் மிஸ்.”

29ஆம் திகதி நான் படிப்பிக்கும் நிறுவனத்தின் கண்காட்சி. ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஒரு கொம்பியூட்டரும் ஒரு ரெலிபோன் லைனும் உண்டு. அங்கே இருக்கும் பிள்ளை பிரவுசரில் அழுத்த, இங்கே மண்டபத்தின் பெரிய திரையில் கலம் நிலையத்தோடு இணைய வேண்டும். டிரெக்டரிடம் சொன்னேன். இரண்டு தடவை கை குலுக்கினார்.

வாங்க வேண்டியவை: சவர்க்காரம், பேனா, யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு மருந்துப் பார்சல்.

மார்ச் 7, வெள்ளி

ஹந்தானை. பஸ்ஸை இடையில் சோதனைக்கு நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கொட்டச் சொன்னார்கள். என் கொப்பியில் வட்டங்களும் அம்புக்குறிகளும். ஆமிக்காரர் புரட்டிப் பார்த்தார். என்ன இது? கணக்கு என்றேன். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை முதலில் இருந்து புரட்டினார். பஸ் காத்திருந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

கலா டீச்சர் பாடசாலை வாசலில் நின்றார். “வாங்க மிஸ். வர மாட்டீங்கன்னு புள்ளைங்க மூஞ்ச தொங்கப் போட்டிருச்சுங்க.” கொம்பியூட்டருக்குப் பூப்போட்ட துணி மூடியிருந்தது. ஒன்பதாம் ஆண்டுப் பெண்கள் பதினொரு பேர், ஒரு வாங்கு, இரண்டு கதிரை.

ரெலிபோன் லைனில் படம் வரவே இல்லை. எண்கள் மட்டும் வந்தன. அதுவும் நாலு செக்கன் தாமதம். அழுத்தி நாலு செக்கனுக்குப் பிறகுதான் கலம் அசைந்தது எண்களில் தெரியும். பிள்ளைகள் ஒன்றும் நடக்கவில்லை என்று மறுபடி மறுபடி அழுத்தினார்கள். எல்லாம் சேர்ந்து வந்து கலம் பறந்தே போய்விட்டது. பதினொரு பேரும் மோதினார்கள்.

ரேணுகா என்றொரு பிள்ளை. தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில். வாயே திறக்காமல் மற்ற எல்லோரும் மோதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கேட்டாள்.

“மிஸ், கைய எடுத்தா நிக்காதா?”

“நிக்காது. மேல காத்து இல்லை, றோட்டு இல்லை. தள்ளினா போய்க்கொண்டே இருக்கும்.”

“அப்ப நிப்பாட்டவும் தள்ளணுமா? எதிர்ப் பக்கமா?”

இதை விளங்கப்படுத்த நான் மூன்று பாடம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பின்னேரம் இடி, மழை இல்லை.

மாற்றியவை:
- ஒரு அழுத்தலுக்கு ஒரு சிறு தள்ளல், அரைச் செக்கன் மட்டும்.
- கட்டளை போய்ச் சேரும் வரை பொத்தான் சாம்பல் நிறம். மறுபடி அழுத்த முடியாது.
- படம் தபால் தலை அளவு. எண்கள் பெரிதாக.
- தூரம், வேகம், கோணம். மற்றதெல்லாம் வெட்டு.

தாமதம் போகவில்லை. ஆனால் தாமதத்தோடு ஓட்டலாம். கலா டீச்சரின் போனில் ரேணுகா: “மிஸ், இப்ப மோதல. பக்கத்தால போயிருச்சு.” முன்னேற்றம்.

படிக்கட்டில் இறங்கும்போது மேலே இரண்டு மாணவர்கள் சிங்களத்தில். “யாப்பனே ராக்கெட் மிஸ்.” யாப்பனே என்றால் யாழ்ப்பாணம். சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

அம்மாவுக்கு லைன் கிடைக்கவில்லை. ஐந்தாவது நாள்.

மார்ச் 14, வெள்ளி

இந்த நாட்குறிப்பு அறையில் இருந்ததால் தப்பியது. அதை முதலில் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குச் சிவில் உடையில் இரண்டு பேர். மூன்றாம் மாடியில் ஒரு யாழ்ப்பாணப் பெண் ராக்கெட்டைத் தூரத்தில் இருந்து இயக்கப் பழக்குகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரிய கொம்பியூட்டர், என் கொப்பி, நான். மூன்றையும் ஜீப்பில் ஏற்றினார்கள். டிரெக்டர் தன் அறைக் கதவைத் திறக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி கொப்பியை வைத்துக்கொண்டு கேட்டார். எல்லாம் சிங்களத்தில். என் சிங்களம் வேலைத்தளச் சிங்களம், ஆனால் போதும்.

“இலக்கு என்று எழுதியிருக்கிறாய். எதை அடிக்க?”

“அடிக்க இல்லை சேர். தொட. அடித்தால் தோல்வி.”

“எங்கே இருந்தும் இயக்கலாமா?”

“ஓம். பிரவுசர் இருந்தால் போதும்.”

“யாழ்ப்பாணத்தில் இருந்தும்?”

“ரெலிபோன் லைன் வேலை செய்தால். அது எப்போது வேலை செய்யும் என்று சேருக்குத்தான் தெரியும்.”

எழுதிக்கொண்டிருந்த கொன்ஸ்டபிளின் பேனா நின்றது. சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதற்கு வருத்தம் இல்லை.

மத்தியானச் சாப்பாடு இல்லை. தண்ணீர் கேட்டதும் தந்தார்கள். மூன்று மணிக்கு வாக்குமூலத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் போகலாம் என்றார்கள். முழுவதும் சிங்களத்தில். வாசித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.

“உனக்கு வாசிக்கத் தெரியுமா?”

“மெதுவாக.”

விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். ஒரு பக்கத்துக்கு அரை மணிக்கு மேல். பொறுப்பதிகாரி எழும்பிப் போனார், வந்தார், தேநீர் குடித்தார். இரண்டாம் பக்கத்தில் நாலாவது வரி. மி-ச-யி-ல. மிசயில, ஏவுகணை. நான் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டேன்.

“இதை வெட்டினால்தான் கையெழுத்து.”

“இங்கேயே இருக்கப் போகிறாயா?”

“இருக்கிறேன்.”

கதிரையை இன்னும் கொஞ்சம் மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

ஐந்தேகாலுக்கு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் அவரும் ஒப்பமிட்டார், நானும். கொம்பியூட்டரையும் கொப்பியையும் தரவில்லை. வெளியே வந்தால் எதிரே தேநீர்க் கடையில் நிஸாம். பதினொரு மணியிலிருந்து அங்கேயே.

“மிஸ், ஏதாச்சும் தின்னீங்களா?”

அப்போதுதான் அழுகை வந்தது.

மார்ச் 15, சனி

நான் தங்கியிருக்கும் வீட்டுச் சரோஜா அக்கா காலையில் இடியப்பத்தோடு அறைக்கே வந்தார். அவருடைய கணவருக்குக் கம்பளையில் புடவைக் கடை. 83 கலவரத்தில் எரித்தார்கள், திருப்பிக் கட்டினார்கள்.

“ஏம்மா, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? புள்ளைங்களுக்கு டைப்பிங் சொல்லிக் குடுத்தா பத்தாதா?”

“நான் வேறை இடம் பாக்கட்டோ அக்கா?”

சம்பலை அள்ளி என் தட்டில் வைத்தார். “நான் அதச் சொல்லல. சாப்புடுங்க. நீங்க இங்க தங்கியிருக்கீங்கன்னு பொலிஸ்ல பதிஞ்ச ரிஜிஸ்டர் துண்ட மட்டும் எடுத்துக் குடுங்க, முன் அலுமாரியில வைக்கிறேன். பொலிஸ் திரும்ப வந்தா நான் பேசிக்கிறேன்.”

மார்ச் 18, செவ்வாய்

டிரெக்டர் ஒரு கடிதம் தட்டச்சில் வைத்திருந்தார். கண்காட்சியில் இருந்து என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று. என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

“எனக்கு அந்த விருப்பம் இல்லை சேர்.”

“உங்களுக்காகத்தான் சொல்கிறேன். காலம் அப்படி.”

பேனாவை எடுத்து, ‘நான் விலகவில்லை, விலக்கப்படுகிறேன்’ என்று தமிழில் அடியில் எழுதி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். யாரிடமாவது வாசிப்பித்துப் பாருங்கள், வெள்ளிக்கிழமை பொலிஸில் எனக்கும் பழகாத எழுத்தை விரல் வைத்து வாசிப்பதுதான் வேலை என்றேன்.

பின்னேரம் நிஸாம் ஒரு பென்டிரைவ் நீட்டினார். என் புரோகிராமின் பழைய பிரதி, 11ஆம் திகதி மாற்றங்கள் இல்லாதது. “கட்டுகஸ்தோட்டையில எங்கட கொம்யூனிகேஷன் கடை ஈக்கி, போன் எடுக்க, போட்டோகொப்பி அடிக்க ஆக்கள் வார கடை. பின்னால ஒரு மெஷின் சும்மா கெடக்கு. வாப்பாட்ட சொல்லிட்டேன்.”

“உங்கடை வேலைக்கு ஆபத்து நிஸாம்.”

“கடை வாப்பாட பேர்ல தானே மிஸ்.”

மார்ச் 24, திங்கள்

கடையின் பின்பக்கம். போட்டோகொப்பி மெஷின் சூடு. ஆறு நாளில் எல்லாம் திரும்ப எழுதியாயிற்று. இரண்டாம் தடவை எழுதும்போது முதல் தடவை செய்த மடத்தனங்கள் தெரிகின்றன. பொலிஸிடம் இருப்பதை விட இது நல்ல பிரதி.

வேலை இம்மாதத்தோடு முடிகிறது என்று கடிதம் வந்தது. மடித்துக் கொம்பியூட்டர் மேசையின் ஆடும் காலுக்குக் கீழே வைத்தேன். ஆட்டம் நின்றது.

கலா டீச்சருக்குப் போன். நடந்ததெல்லாம் சொன்னேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம் என்றேன். அந்தப் பக்கம் கலண்டர் தாள் புரளும் சத்தம். பிறகு, “29ஆந் தேதி தானே மிஸ்? பத்து மணிக்குத் தானே? புள்ளைங்க வெள்ளச் சட்ட தொவைக்கணும், அதான் கேக்குறேன்.”

அம்மா கிடைத்தார். இரண்டு நிமிடம். வேலை எப்படி என்றார். நல்லாப் போகுது என்றேன். பொய் இல்லை.

மார்ச் 29, சனி

வெயில். வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை.

நகரத்தில் கண்காட்சி பத்து மணிக்குத் தொடக்கம். நாங்களும் பத்து மணிக்கு.

கடையில் நானும் நிஸாமின் வாப்பாவும். மலையில் பதினொரு பேரும் கலா டீச்சரும். ரெலிபோன் லைன் பிரவுசருக்குப் போனதால், கலா டீச்சர் கைப்போனில்; என் போன் காதுக்கும் தோளுக்கும் இடையில். ரேணுகா ஓட்டுகிறாள்.

தூரம் 60 மீற்றர். 40. வலப்பக்கம் விலகல். என் முன்னால் கீபோட். ஒரு தட்டுத் தட்டினால் நானே நேராக்கிவிடலாம், அங்கே ஒருவருக்கும் தெரியாது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆமிக்காரர் உள்ளே வந்தார், வீட்டுக்குப் போன் எடுக்க. தோளில் துவக்கு. வாப்பா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மூடச் சொல்கிறார் என்று விளங்கியது. மூடவில்லை. ஆமிக்காரர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று சிங்களத்தில் கேட்டார், என்ன இது?

“விண்வெளி நிலையம்,” என்றேன், கடை முழுவதும் கேட்க. “ஹந்தானையில் இருந்து ஒரு பிள்ளை ஓட்டுகிறாள். நான் கை வைக்கவில்லை.” மேலே தூக்கிக் காட்ட முடியாமல், கைகள் இருந்த இடத்தைக் கண்ணால் காட்டினேன்.

அவர் போகவில்லை. 20 மீற்றர். காதில் ரேணுகா யாரையோ அதட்டுகிறாள். “பேசாத, எண்ணிக்கிட்டு இருக்கேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.” இடப்பக்கம் ஒரு தள்ளல். காத்திருப்பு. விலகல் குறைந்தது. பக்க நகர்வுக்கு எதிராக ஒரு தள்ளல். நின்றது. 8 மீற்றர். 3. ஆமிக்காரருடைய லைன் கிடைத்துவிட்டது என்று வாப்பா கூப்பிட்டார். அவர் விரலை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார்.

இணைந்தது.

போனில் நாலு செக்கன் ஒரு சத்தமும் இல்லை. அங்கே இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. பிறகு பதினொரு பேரும் ஒன்றாகக் கத்தியதில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஆமிக்காரர் போன் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பக் காதில் வைத்தபோது ரேணுகா.

“மிஸ், இத எப்படிக் கழட்டுறது?”

“ஏன்?”

“அடுத்து எங்க போகலாம்?”