மூன்று பாத்திப் புகையிலை

27 டிசம்பர் 1992, ஞாயிறு

காலையில் மழை விட்டது. வளவுத் தண்ணீர் வடிய மத்தியானம் ஆயிற்று. கிணற்றடி மேட்டில் விதை மேடை போட்டேன். மேலே தென்னோலைக் கிடுகு சாய்த்து. புகையிலை விதை மணலை விடச் சின்னது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டும். சாம்பல் கலந்து தூவினேன்.

சண்டையில் வடக்குப் பாதை பூட்டிய பிறகு கடையில் நல்ல புகையிலை இல்லை. வருவதெல்லாம் பூஞ்சணம். இவருக்கு வெற்றிலை இல்லாமல் சைக்கிள் திருத்தக் கை ஓடாது. நானும் இரண்டு நேரம் போடுகிறவள்தான். “வளவில போட்டுப் பாப்பம். எது இந்த மண்ணுக்கு நிக்குது, எது வாய்க்கு நல்லம் எண்டு” என்றார்.

யா. – யாழ்ப்பாண விதை. பக்கத்து வீட்டுக் கனகம் மச்சாள் தந்தது.
வா. – வாகரை விதை. ஆஸ்பத்திரியில் என்னோடு நோயாளர் துண்டு எழுதும் பிள்ளை கொண்டு வந்தாள்.
மூன்றாவது குச்சியில் “ஊர்” என்று மட்டும் எழுதினேன்.

மண்ணெண்ணெய் வரிசை. கிடைக்கவில்லை.

28 டிசம்பர்

“ஊர் எண்டா எந்த ஊர்?” என்று இவர் கேட்டார். “ஆரோ தந்த விதை, மறந்து போச்சு” என்றேன்.

பொய். அது ஏறாவூர் விதை. என் சிநேகிதி பரீதாவின் வாப்பாவுடைய தோட்டத்தது. முன்பு ஒருமுறை பரீதா மருந்துப் போத்தலில் போட்டுத் தந்தாள். அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. அந்தத் தோட்டத்து இலையைத்தான் அப்போதெல்லாம் இவர் கிழமைக்கு ஒரு தரம் சைக்கிளில் கட்டி வந்து டவுனில் விற்பார். கலியாணம் முடித்த நாளில் இருந்து அதுதான் எங்கள் பிழைப்பு.

தொண்ணூறில், தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் வெட்டுப்பட்ட கிழமை, அந்த ஒரு நாள் இவருக்குக் காய்ச்சல். இவருடைய தம்பி தேவன் இலை எடுக்கப் போனான். சைக்கிள் ரோட்டோரம் கிடந்தது என்றார்கள். அவன் வரவில்லை. இன்றுவரை இல்லை. அதன் பிறகு ஏறாவூர் இலை இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. அந்தப் பெயரையும் இவர் சொல்வதில்லை.

பிறகு ஏன் போட்டேன்? விதை வீணாய்ப் போகுதே என்றுதான் நினைத்தேன். வேறு காரணம் தேடினால் அகப்படவில்லை.

10 ஜனவரி, ஞாயிறு

முளை. யா. நெருக்கமாய். ஊர் பரவாயில்லை, அத்தனை வருசம் போத்தலில் கிடந்த விதைக்கு. வா. அங்கொன்று இங்கொன்று. கோழி ஒரு மூலையைக் கிளறிவிட்டது. அதுவும் வாகரை மூலையை. வலைத்துண்டு போட்டு மூடினேன்.

சவர்க்காரம் முடிந்தது.

7 பெப்ரவரி, ஞாயிறு

கன்று நட்டோம். முன் வளவில், ரோட்டு வேலியில் இருந்து கிணறு வரைக்கும் மூன்று பாத்தி. பின் வளவு வாவிப் பக்கம், உப்புத் தண்ணீர் ஊறும், அங்கே சரிவராது. இவர் குழி தோண்ட நான் வைத்தேன். ஆட்டுப் புழுக்கை தூள் பண்ணிப் போட்டோம். யூரியா தேடிப் போனால் ஆயிரம் கேள்வி.

நடும்போது ஊர்க் கன்று ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “பூச்சியா?” என்று கேட்டேன். “இல்ல” என்று நட்டார்.

11 பெப்ரவரி, வியாழன்

கிளினிக் நாள். சனம். துண்டு எழுதிக்கொண்டு இருக்கிறேன், அடுத்தது என்று நிமிர்ந்தால் பரீதா. உம்மாவுக்கு மூச்சிழுப்பு. அந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் முகத்தைப் பார்க்கிறேன். மெலிந்து போயிருந்தாள்.

நான் வயசைக் கேட்டேன். அவள் சொன்னாள். உம்மாவின் வயசு எனக்குத் தெரியாதா.

சனம் குறைந்த பிறகு ஜன்னலடிக்கு வந்தாள்.

“அண்ணன் சுகமா கா?”

“சுகம்.”

“தேவன்ட சேதி ஏதும்…”

“இல்ல. உன்ட காக்கா?”

“இல்ல.”

அவளுடைய அண்ணன் வயலுக்குப் போய் அதே கிழமை காணாமல் போனவன்.

வாப்பா போன வருசம் மௌத்தாம். “தோட்டத்துக்குப் போக ஏலா. எல்லாம் பத்தையாப் போச்சி. வாப்பாட போயில விதை ஒரு மணியும் இல்ல கா. கடைசி நேரத்தில அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தார், விதைய எடுத்து வெச்சியா விதைய எடுத்து வெச்சியா எண்டு. வெச்சன் எண்டு பொய் சொன்னன்.”

என்னிடம் இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வளவில் நிற்கிறது, அதுவும் எந்த மனுசன் தண்ணீர் ஊற்றி நிற்கிறது என்று எப்படிச் சொல்வது?

12 பெப்ரவரி

தலையிடி. இவரிடம் பரீதாவைக் கண்டதைச் சொன்னேன். டயர் கழற்றிக்கொண்டு இருந்தவர் நிமிரவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் வருவினம்தானே” என்றார். அவ்வளவுதான்.

28 பெப்ரவரி, ஞாயிறு

ஒப்பீடு:
யா. – இலை அகலம், கடும் பச்சை. கிணற்றுத் தண்ணீர் பிடிக்கவில்லை போல, ஓரம் கருகுது.
வா. – கிடுகிடு என்று வளருது. இலை மெல்லிசு. புழு முதலில் தேடிப் போவது இதைத்தான்.
ஊர் – மெதுவு. கட்டை. இலை ஒடுக்கம், நுனி ஒரு பக்கம் வளைவு. கருகல் இல்லை.

காலையில் புழுப் பொறுக்கினேன். கையெல்லாம் பிசின், கழுவக் கழுவப் போகாது.

21 மார்ச், ஞாயிறு

கனகம் மச்சாள் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, “என்ன மச்சாள், மரம் வளக்கிறீங்களா” என்றாள். வாகரை அவளுடைய தோள் உயரம். யா. அதற்குக் கொஞ்சம் கீழே. ஊர் இப்போதுதான் எழும்புது.

டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் கதைத்தது: “ரோட்டோரத் தென்னை எல்லாம் ஆமிக்காரனுகள் தறிக்கப் போறானுகளாம்.” “தென்னைக்குள்ள ஆர் ஒளிக்கிற?” “அத அவனிட்டப் போய்க் கேளு.”

4 ஏப்ரல், ஞாயிறு

மொட்டு. இலை தடிக்க வேண்டுமென்றால் நுனியைக் கிள்ள வேண்டும். எல்லாம் கிள்ளினோம். விதைக்கென்று பாத்திக்கு ஒன்று விட்டோம், மூன்றும் கிணற்றுப் பக்கக் கடைசிக் கன்று. அடியிலை பறித்து வெயிலில் போட்டாயிற்று.

மனதுக்குள் ஒரு கணக்கு. விதை முற்றினால் பரீதாவுக்குக் கொடுப்பேன். இவருக்குச் சொல்லாமல் கொடுப்பதா, சொல்லிக் கொடுப்பதா?

18 ஏப்ரல், ஞாயிறு

வருசப்பிறப்புப் பலகாரம் இன்னும் இரண்டு கிடக்கு.

காலை ஒன்பது போல ஆமிக்காரர் வந்தார்கள், சந்திக் காம்ப் ஆட்கள். ரோட்டு வேலிக்கு உள்ளே உயரமாய் எதுவும் நிற்கக் கூடாதாம். வாழை, மரவள்ளி, புகையிலை எல்லாம். பெரியவன் கையை முழங்காலில் வைத்துக் காட்டினான். “கப்பண்ட, கப்பண்ட.” வெட்டு என்று. கனகம் மச்சாளின் வாழை குலையோடு விழுந்த சத்தம் கேட்டது.

இவருக்குச் சிங்களம் கொஞ்சம் வரும். விதைக்கு நிற்கிற மூன்றையும் காட்டி ஏதோ கேட்டார். அவன் தலையாட்டவில்லை. பின்னால் நின்ற ஒருவன், இவரிடம் டியூப் ஒட்ட வருகிறவன், காதுக்குள் ஏதோ சொன்னான். பெரியவன் ஒரு விரலைக் காட்டினான். ஒன்று. ஒன்று மட்டும். மத்தியானம் திரும்பி வந்து பார்ப்பானாம்.

இவர் கத்தியோடு கிணற்றடிக்குப் போனார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். கண் ஊர்க் கன்றிலேயே இருந்தது.

முதலில் வாகரையை வெட்டினார். யோசிக்கவே இல்லை. பிறகு யாழ்ப்பாணத்துக்கு முன்னால் நின்றார். மூன்றிலும் நல்ல இலை அதுதான், அவருக்கும் தெரியும். பூவைத் தொட்டுப் பார்த்தார். வெட்டினார்.

ஊர் நிற்கிறது.

பின்னேரம் கட்டிலுக்குக் கட்டிய பழைய நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டிப் பூவுக்குப் பை போலக் கட்டினார். பகல் முழுக்க மற்றதெல்லாம் வெட்டி இலை அடுக்கினோம், பாதி இன்னும் பழுக்கவே இல்லை. முன் வளவு மொட்டை. வீட்டுக்குள் இருந்தே ரோட்டில் போகிறவன் முகம் தெரியுது.

25 ஏப்ரல்

இலைக்குத் தென்னம் பொச்சுமட்டை மூட்டிப் புகை போட்டோம். கண் எரிச்சல். கனகம் மச்சாள் தன் வாழைக் காயில் ஒரு சீப்புக் கொண்டு வந்து தந்தாள். “பழுக்காது. கறி வெச்சுத் தின்னுங்க” என்றாள். அழுதிருந்தாள் போல.

30 மே, ஞாயிறு

சரியான வெக்கை. இன்று வாய்க்குப் போட்டுப் பார்த்தோம், கனகம் மச்சாளையும் கூப்பிட்டு. ஒவ்வொன்றுக்கும் புது வெற்றிலை, நடுவில் வாய் கொப்பளித்து.

வா. – காறல். மச்சாள் உடனே துப்பினாள். எனக்கு விக்கல்.
யா. – நல்ல உறைப்பு, பின்னால் ஒரு இனிப்பு. இவர், மச்சாள், நான், மூன்று பேருக்கும் இதுதான் முதலாவது.
ஊர் – மட்டான உறைப்பு, வாசம் நல்லம். பழுக்காமல் வெட்டியதால் நாக்கில் கொஞ்சம் பச்சை.

மச்சாள் போன பிறகு கேட்டுவிட்டேன். “யாழ்ப்பாணம்தான் நல்லம் எண்டா, ஏன் அண்டைக்கு அத வெட்டினீங்க?”

வெற்றிலைத் தட்டத்தை மூடினார்.

“யாழ்ப்பாண விதை யாழ்ப்பாணத்தில இரிக்கும். பாதை திறந்தா வரும். இது வேற எங்க இரிக்கு?”

“இது எது எண்டு…”

“நட்ட அண்டே தெரியும். எத்தின வருசம் சைக்கிள்ள கட்டிக்கொண்டு வந்தனான். இலைட நுனி தெரியாதா எனக்கு?”

“மறுகா ஏன் ஒண்டும் சொல்லல்ல?”

“நீ ஏன் சொல்லல்ல?”

ஒவ்வொரு நாளும் வெட்டிப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் தண்ணீர் ஊற்றினாராம். “தேவனும் இந்த இலையக் கட்டத்தான் போனவன். வெட்டினா அவன் போனதுக்கும் ஒரு காரணம் இல்லாமப் போயிரும் போல இரிந்திச்சு.” பிறகு எழும்பிப் போய்விட்டார்.

வாப்பா கடைசியில் விதை கேட்ட கதையை இரவு சாப்பிடும்போது சொன்னேன். கேட்டார். கையைக் கழுவினார்.

5 ஜூன், சனி

விதைக் காய் காய்ந்து பழுப்பு நிறம். வலைப் பையோடு வெட்டி எடுத்து, பேப்பரில் உதிர்த்து, புடைத்தது எல்லாம் இவரே. எங்களுக்கு ஒரு சிட்டிகை. மிச்சத்தைத் துணியில் முடிந்து என் பைக்குள் வைத்தார். “நான் அந்தப் பக்கம் போகமாட்டன். நீ குடு.”

10 ஜூன், வியாழன்

கிளினிக். பரீதா பதினொரு மணி போல உம்மாவோடு வந்தாள். ஆமிச் சோதனையில் பஸ்ஸை மறித்து இறக்கினதாம், அதனால் சுணக்கம். ஜன்னலுக்குள்ளால் முடிச்சைக் கொடுத்தேன். என்ன என்று கேட்டபடி அவிழ்த்தாள். மூக்கில் வைத்தாள். விதைக்கு ஒரு வாசமும் இல்லை, ஆனால் துணிக்கு இருந்திருக்கும்.

“இது…”

“வாப்பாட விதைதான். நீ தந்த போத்தல்ல இருந்தது.”

“அண்ணனுக்குத் தெரியுமா கா?”

“அவர்தான் முடிஞ்சு தந்தவர்.”

வாங்குப் பலகையில் போய் இருந்துவிட்டாள். உம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டு தரம். அவளுக்குக் கேட்கவில்லை. நான் எழும்பிப் போய் உம்மாவைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். உம்மா என் கையை விடவில்லை. என்னை யாரென்று தெரிந்ததோ என்னவோ.

வீட்டுக்கு வர ஐந்து மணி. மீன் குழம்பு, உப்புக் கூடிவிட்டது. பாதிச் சாப்பாட்டில் இவர் கேட்டார்.

“எங்க நடப் போறாளாம்?”

“வீட்டு வளவிலயாம். தோட்டத்துக்குப் போக ஏலாதுதானே.”

“அவங்கட வளவு முழுக்க நிழல்” என்றார். “குசினிக்குப் பின்னால, மதிலோரம் மட்டும்தான் வெயில் விழும். அங்க நடச் சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.