கழுத்துப் பட்டன்

17.11.2006, வெள்ளி, துபாய்

கார்த்திகை ஒன்று. பர்துபாய் கோயில் சந்தில் மகனுக்குத் துளசி மாலை வாங்கினோம். கடைக்காரன் பிளாஸ்டிக் மணியை நீட்டினான். நகத்தால் கீறி முகர்ந்தேன். "இது எந்தத் தோட்டத்துத் துளசி? வாளி செய்யிற தோட்டமா?" உள்ளே போய் நல்லதை எடுத்து வந்தான்.

குருசாமி இல்லாத ஊரில் பெற்றவள் போட்டுவிடலாம். நான்தான் போட்டேன். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து விஜி பிறந்ததற்கான வேண்டுதல். மூன்று வருஷமாக லீவு இல்லை; இந்த டிசம்பர் கடைசியில்தான் சபரிமலை. திரும்பி வரும்வரை அருள்முருகன் என்று கூப்பிடக் கூடாது. எனக்கும் அவன் சாமி. விஜி "சாமி டாடி" என்கிறாள்.

3.12.2006

மத்தியானம் ஊரிலிருந்து போன். கொழுந்தன் சோலையப்பன் போய்விட்டார். மாரடைப்பு. என் கல்யாணத்தில் அரைக்கால் சட்டையோடு ஓடித் திரிந்த பிள்ளை. அவர் மகன் வைரவன், "அண்ணன் மாலை போட்டிருக்காரே பெரியம்மா, நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க" என்றான்.

பங்காளி சாவு. காதில் விழுந்ததும் மாலையைக் கழற்ற வேண்டும். மலை இல்லை. அடுத்த லீவு எப்போதோ.

சொல்லவில்லை. மருமகள் அருணாவிடமும். அழுதால் கேட்பார்கள். அழவும் இல்லை.

4.12.2006

தெரியாதவனுக்குத் தீட்டு இல்லை. சரி, தெரிந்த நான்தானே சமைத்துப் போடுகிறேன்? ஊரில் எல்லாருக்கும் முறை சொன்னவள் நான் – எனக்கு யார் சொல்வது?

5.12.2006

சாமி கழுத்துவரை பட்டன் போட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்தும் சட்டையைக் கழற்றவில்லை. சைட்டில் யாராவது மாலையைப் பற்றிப் பேசினார்களா? "குளிருது ஆத்தா" என்கிறான். காலையில் பூஜைப் படத்துக்கு முன்னால்கூட நிற்காமல் டூட்டிக்கு ஓடிவிட்டான்.

விஜிக்கு உடம்பு சுடுகிறது.

6.12.2006

காய்ச்சல் இறங்கவில்லை. என்னாலயா?

7.12.2006

முடியலை. வந்தவனை வாசலிலேயே நிறுத்தினேன். "சாமி, மாலையைக் கழட்டு. உன் சித்தப்பா..."

"என்னையச் சாமின்னு கூப்பிடாத ஆத்தா."

பட்டனை அவிழ்த்தான். வெறுங்கழுத்து. மாலை சட்டைப் பையில், கைக்குட்டைக்குள்.

ஞாயிற்றுக்கிழமையே வேலையாட்கள் தங்கும் கேம்ப்பில் நம்மூர்க்காரர் ஒருவர் சொல்லிவிட்டாராம். அங்கேயே கழற்றிவிட்டான். "நீ உன் கையால போட்ட மாலை. கழட்டிட்டேன்னும் சொல்ல முடியல, சித்தப்பா செத்துட்டாருன்னும் சொல்ல முடியல."

அருணா விஜியைத் தோளில் போட்டபடி நின்றாள். "அப்ப இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் தெரியாது. அப்படித்தானே அத்தை?"



9.12.2006

விஜிக்குக் காய்ச்சல் விட்டது. தொண்டைப் புண்தான் என்றார் டாக்டர்.

லீவை முன்கூட்டியே கேட்டு டிக்கெட்டை மாற்றிவிட்டான். மலைக்கு இல்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கு. "மலை எங்கயும் ஓடிப்போகாது ஆத்தா."

"முருகா, எனக்கும் ஒரு டிக்கெட் போடுப்பா" என்றேன்.

பெயர் தானாக வாயில் வந்தது. அதற்கப்புறம்தான் சோலையப்பனுக்காக அழுதேன். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.