குரு பார்த்து வைத்த படகு

8 மார்ச் 2025, சனி

நேற்று முன்தினம் தம்பி குருவுக்கு அந்தியேட்டி முடிந்தது. அவன் போய் முப்பத்தொரு நாள். இன்று வேலைக்குப் போனேன். முன்பக்கம் நசுங்கிய கார் ஒன்று, வெள்ளத்தில் நின்ற லோரி ஒன்று. இன்சூரன்ஸ்காரர்களுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சரிசெய்யலாமா, தூக்கிப் போடலாமா என்று எழுதிக் கொடுப்பதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. இரண்டுக்கும் ஒழுங்காக எழுதினேன்.

மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. என்ன கறி என்று நினைவில்லை.

சாவு வீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் ஏன் அழுகை வரவில்லை?

11 மார்ச்

கிள்ளானிலிருந்து நிலானி போன் செய்தாள். குருவின் மனைவி. குரு டிசம்பரில் ஒரு பழைய மரப்படகு பார்த்து வைத்திருந்தான். படகுக்காரர் பழனியப்பன் இந்த மாதக் கடைசி வரைக்கும் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறாராம்.

"நீங்க போய்ப் பாத்துச் சொல்லுங்க அத்தான். வாங்கணும்னா வாங்கிடறேன், வேணாம்னா விட்டுடறேன். எனக்கு ஒண்ணுமே ஓடல."

குருவும் இதைத்தான் சொன்னான். "அண்ணா, நீ வந்து பாத்தாத்தான் வாங்குவேன்." மூன்று தடவை கூப்பிட்டான். மூன்று தடவையும் வேலை இருக்கிறது என்றேன். கிள்ளானுக்கு ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்.

12 மார்ச்

எழுத ஒன்றுமில்லை.

16 மார்ச், ஞாயிறு

போய்ப் பார்த்தேன். ஆற்றோரப் பட்டறையில் படகைக் கரையேற்றிக் கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார்கள். அதுவரைக்கும் நல்லது. தண்ணீரில் மிதக்கிற படகைப் பார்த்து வாங்குகிறவன் பாதிப் படகைத்தான் பார்க்கிறான்.

பழனியப்பனுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். "வாங்க பாஸ், நல்லா பாருங்க. அவசரமே இல்லலா," என்று பால் போடாத தே ஓ டீ ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

புது நீலப் பெயின்ட். புதுப் பெயின்ட் அடித்த எதையும் நான் நம்புவதில்லை. பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது. ஆணி வரிசைகளில் துரு கசிந்திருந்தது. உள்ளே இறங்கி அடித்தட்டைத் தூக்கினேன். தண்ணீர் நின்றது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பில்லை. மழைத்தண்ணீர். கடல் தண்ணீர் மரத்தை அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது, மழைத்தண்ணீர் தேங்கினால் உளுத்துப்போக வைத்துவிடும். நேற்று படித்ததுதான். ஆனால் மூக்குக்கே தெரிந்தது, ஈரக் காளான் வாடை.

எனக்கு முட்டி மடங்காது. சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டுதான் அடிமரத்தைப் பார்த்தேன். தலையிலிருந்து வால் வரை படகின் முதுகெலும்பே அதுதான். ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங். நடுவில் ஒரு இடத்தில் சத்தம் செத்துப்போயிற்று. அழுத்தினேன். பிடி வரைக்கும் இறங்கியது.

பெரிய மனக்கஷ்டம் எதுவும் இல்லை. கண்டுபிடித்துவிட்ட திருப்திதான் இருந்தது. அதைக்கூட வெட்கமில்லாமல் எழுதுகிறேனே.

18 மார்ச்

வாங்க வேண்டாம் என்று நிலானியிடம் சொன்னேன். காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சரி அத்தான்," என்றாள். அவ்வளவுதான்.

பழனியப்பனுக்கும் சொல்லிவிட்டேன்.

25 மார்ச்

ஐந்து வண்டிகள். மழை.

2 ஏப்ரல்

பழனியப்பன் கூப்பிட்டார். அடுத்த வாரம் படகைப் பிரிக்க ஆட்கள் வருகிறார்களாம். உள்ளே தம்பியின் சாமான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். குரு அங்கே என்ன சாமான் வைத்திருக்கப்போகிறான்?

6 ஏப்ரல், ஞாயிறு

கேபினுக்குள் ஒரு கித்தான் பை. இரண்டு உளி, இரண்டு சுத்தியல், இரண்டு ஜோடி கையுறை. எல்லாம் புதுசு, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. பக்கத்தில் இரண்டு ஸ்டூல். ஒன்று குட்டை. இன்னொன்று உயரம், அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய மெத்தை. முட்டி மடங்காதவன் உட்காருகிற உயரம்.

பழனியப்பன் வாசலிலேயே நின்றார். "அடிமரம் போச்சுன்னு தம்பிக்குத் தெரியும் பாஸ். மொத நாளே காட்டிட்டேன். வேற நல்ல போட்டும் காட்டினேன்லா. வேணாம்னாரு."

"பின்ன ஏன் என்னைக் கூப்பிட்டான்?"

"அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, அவரே கண்டுபிடிக்கட்டும்னாரு. கண்டுபிடிச்சா விட மாட்டாரு, சரி பண்ணாம தூங்க மாட்டாரு, அப்புறம் வாராவாரம் வந்துதானே ஆகணும்னு சிரிச்சாரு."

நல்ல படகு வாங்கினால் நான் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சின்ன வயதில் சுங்கை வேயில் இருந்தபோது அப்பாவின் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, மூன்று மாதம் உட்கார்ந்து திரும்பப் பூட்டினோம். அந்த அண்ணனைத்தான் கூப்பிட்டிருக்கிறான். நான் கண்டுபிடிச்சேன்டா, குரு. கண்டுபிடிச்சிட்டு விட்டுட்டேன். வேலை இருக்கு, வேலை இருக்குன்னு... என்ன பெரிய வேலை? நீ கூப்பிட்டப்ப வந்திருக்கக் கூடாதா நான்?

அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். பழனியப்பன் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

7 ஏப்ரல்

பிரிக்க வேண்டாம் என்று பழனியப்பனிடம் சொன்னேன். என் பெயரிலேயே எழுதச் சொல்லிவிட்டேன்.

நிலானி கேட்டாள்: "நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?"

"ஆமா. இப்பவும் அது வாங்கக் கூடாத போட்தான்."

"அப்ப இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாடு இங்கதான்," என்றாள்.

13 ஜூலை, ஞாயிறு

உளுத்த பகுதி முழுவதும் வெளியே வந்துவிட்டது. கட்டைவிரலில் ஒரு சிராய் ஏறி இன்னும் வலிக்கிறது. மத்தியானம் நிலானி வீட்டில் நண்டுக் கறி, உறைப்புக் கொஞ்சம் தூக்கல். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பழனியப்பன் படகைச் சுற்றி வந்து பார்த்தார். "புது மரம் கெடைச்சு, செதுக்கி ஏத்தி, பலகை மாத்தி... நீங்க ஒரு ஆளு, வாரத்துல ஒரு நாளு. ரெண்டு வருஷம் ஆகும் பாஸ்."

"அதுக்கு மேல ஆகுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "ஆக்கலாம்," என்றார்.