கடல் அறையும் அரை வினாடியும்

நவம்பர் 9, 2009. திங்கள். காலை 9.40. பிரவுசர்கள் நான்கு.

மாமல்லபுரம் விடுதித் தளத்தில் அறைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நகர்கின்றன. குரோம், சஃபாரி இரண்டிலும் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ‘ட்ரான்சிஷன்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், பிரவுசரே படத்தை நகர்த்திவிடுகிறது. மற்ற இரண்டுக்கும் அது தெரியாது; ஸ்கிரிப்ட் எழுதித் தள்ள வேண்டியிருக்கிறது. படம் மாற அரை வினாடி. அது முடிந்ததும் கீழே இருக்கும் ‘பதிவு செய்’ பட்டன் அடுத்த அறைக்கு மாறும். அதற்குத் தனியாக ஒரு டைமர். அரை வினாடி எங்கே போனாலும் அரை வினாடிதான்.

அடுத்த திங்கள் வெளியீடு. ஒழுங்காகப் போனால் விடுதியின் மற்ற கிளைகளின் தளங்களும் எனக்கு. சொதப்பினால் எல்லாம் பத்ரிக்கு. மேனேஜர் ஜெகதீசன் சார் சொல்லிவிட்டார். எதிர் சீட்டில் பத்ரி சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நவம்பர் 10

டெஸ்டிங் விஷாகா என் பக்கத்தின் மேல் ‘பக்’ என்று பிழைப் புகார் போட்டிருக்கிறாள். வேகம் குறைந்த மெஷினில் படம் பின்தங்குகிறதாம், பட்டன் முந்துகிறதாம்.

“என் மெஷின்ல ஒழுங்கா கீதே.”

“உன் மெஷின்லயா வந்து ரூம் போடப் போறாங்க?”

வாய்! பக்கை மூடிவிட்டேன்.

நவம்பர் 11

மழை. ஆபீஸ் ஷட்டில் பஸ் லேட். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 12

ஜெகதீசன் சாரும் நானும் மாமல்லபுரம் போனோம். விடுதி முதலாளி ராஜாராம் அச்சரப்பாக்கத்துக்காரர், நெல் வியாபாரத்திலிருந்து வந்தவர். வரவேற்பறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரிலேயே திறக்கச் சொன்னார். திரையில் கடல் தெரியும் அறை. அமுக்கினார். தோட்டத்து அறை பதிவானது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் தோட்டம்.

“இன்னா தம்பி, கடலக் காட்டிட்டு தோட்டத்துல படுக்கச் சொல்றியா? வெள்ளக்காரன் என் சட்டையப் புடிப்பான்!”

“மெஷின் பழசு சார்—”

“பழசுதான். அத வெச்சிதான பொழைக்கிறோம்?”

வண்டியில் ஏறும்போது ஜெகதீசன் சார் சொன்னார். “திங்கள் காலைல ஓடணும். இல்லன்னா பத்ரி.”

கோவளம் வரும் வரை ஒரே கடுப்பு. அப்புறம்தான் உறைத்தது. படத்துக்கு ஒரு கடிகாரம், பட்டனுக்கு ஒரு கடிகாரம் — வைத்தது யார்? நான்தானே! டைமரை முக்கால் வினாடி ஆக்கலாமா? நாளைக்கே இதைவிட மட்டமான மெஷின் வந்து நிற்கும்.

நவம்பர் 13

டைமரைத் தூக்கி எறிந்தேன். ஒவ்வொரு படத்தின் மேலேயும் அதனதன் பட்டனை ஒட்டிவிட்டேன். படம் போனால் பட்டனும் கூடவே போகும். மெதுவாகப் போகட்டும், நடுவில் நிற்கட்டும், நகராமலே தொலையட்டும் — கடலை அமுக்கினால் கடல்தான். எழுதியதைவிட அழித்ததுதான் அதிகம். நல்ல வேலை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

பக்கைத் திரும்பத் திறக்கச் சொன்னேன் விஷாகாவிடம்.

“மூடத் தெரிஞ்ச கைக்குத் தொறக்கத் தெரியாதா?”

நானே திறந்தேன். நான்கு பிரவுசரிலும் சாயங்காலம் வரை குடைந்துவிட்டு அவள் மூடினாள். பாராட்டெல்லாம் கிடையாது.

நவம்பர் 16

காலையில் தளம் வெளியே போனது. மதியம் ஜெகதீசன் சார் கூப்பிட்டு, மற்ற கிளைகளும் எனக்கே என்றார். இனி எனக்கு நானே போட்டுக்கொண்டவை:

1. ஸ்டோர் ரூமில் கிடக்கும் ஓட்டை மெஷினைத் தூக்கி வந்து என் மேஜையில் வைக்க வேண்டும்.

2. என் மேல் வரும் பக்கை நானே மூடக் கூடாது. கை பரபரக்கும். பார்ப்போம்.

3. சதுரங்கப்பட்டினம் கிளைத் தளத்தில் முதல் படம் ஓடியதுமே விஷாகாவைக் கூப்பிட வேண்டும். திட்டுவாள். கூப்பிட வேண்டும்.