ரொறன்ரோவிலும் ஓர் அணி

ஏப்ரல் 2004, புதன் இரவு

"நீங்களும் அம்மாவும் தம்பியும் ரொறன்ரோவுக்குக் குடிபோங்கோ, நான் மொன்றியலிலயே இருக்கிறன்" என்று இன்றும் அப்பாவிடம் சொல்லவில்லை.

பருவம் தொடங்கியதிலிருந்து எங்கள் மொன்றியல் பேஸ்போல் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. இன்றும் தோற்றது. வேறு நகரத்துக்கு விற்றுவிடுவார்கள் என்று பேச்சு. தொலைக்காட்சியில் வெறும் இருக்கைகளைக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிரிக்கெட் மட்டுமே தெரிந்த அப்பா சிரித்தார். "உதுக்கே பிள்ளை அழுறாய்? ரொறன்ரோவிலயும் உப்பிடி ஒரு அணி இருக்காம். அங்க வந்து அதுக்குக் கை தட்டன்."

இலங்கை தோற்ற நாளில் சாப்பிடாமல் படுப்பவர் அவர். அதையாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு அப்பா ரொறன்ரோப் பெரியப்பாவுக்குப் போன் எடுத்தார். "ஓம் அண்ணை, சின்னவன்ர பள்ளிக்கூடம் முடிய வாறம். நாலு பேரும்தான்" என்றார்.