பதினைந்து நிமிடம் முன்னால்

இன்று மதியம் சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்டுக்குப் போனபோது, மண் சுமந்து ஓடும் பெல்ட் ஓரத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்தவரின் ஹெல்மெட்டை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினேன். மழையில் நனைந்த நிலக்கரியின் புளித்த வாடை எங்கும் நிறைந்திருந்தது. அவர் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னங்க, இன்னும் கால் மணி இருக்குதே!" என்று என் காதருகே கத்தினார். போங்கள் என்று கையசைத்தேன்.

அந்த இரண்டு தட்டும் உன்னுடையவை. பெல்ட் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்று நீ கண்டுபிடித்த வழி. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் என் கை அதைப் பழகிக்கொண்டுவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். இருந்தாலும் என் வாயால் ஒரு முறை கேள்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில், ஒரே காண்ட்ராக்டரிடம் சேர்ந்தோம். நீ பத்தாவது தவறியவன். நான் பி.எஸ்சி., பி.எட். ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்கு மண் கொட்டும் இடத்தில், கீழே சிந்துவதை மண்வெட்டியால் அள்ளிப் போடும் வேலை. மாற்று ஆள் வந்து நிற்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. அள்ளாமல் விட்டால் மண் குவிந்து உருளையில் ஏறும். அதை எடுக்கக் கை நீட்டுகிறவன் கை போகும். எனக்கு மாற்று ஆள் நீ. வாரம் மாறி ஷிப்ட் மாறினாலும் எனக்குப் பிறகு வருபவன் நீதான்.

இந்த வேலையை நான் வேலையாகவே எண்ணவில்லை. கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன். மூப்பு வரிசைப்படி ஒருநாள் ஆசிரியர் வேலைக்குக் கடிதம் வரும் என்று அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நீ வந்ததும் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டு, "வாத்தியாரே, கெளம்பு கெளம்பு. புள்ளைங்க பெஞ்சுல காத்துகினு இருக்குதுங்க" என்பாய். கோபம் வந்ததுபோல் முறைப்பேன். உள்ளுக்குள் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் மூப்பு போய்விடும். முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். அன்று கடைசி நாள். இரண்டு மணிக்கு நீ வந்தால், இரண்டேகால் பஸ்ஸைப் பிடித்து நாலுக்குள் கடலூர் போய்விடலாம். தபாலில் அனுப்பியிருக்கலாம்தான். தபாலை நம்பாதவன் நான்.

இரண்டு ஆனது. நீ வரவில்லை. இரண்டரை ஆனது. சூப்பர்வைசரிடம் போனில் சொன்னேன். "ஆள் இல்லப்பா, நில்லு" என்றார். நின்றேன். மண் கொட்டிக்கொண்டே இருந்தது, அள்ளிக்கொண்டே இருந்தேன். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு விழுந்தது.

"எங்கடா போன?"

"வூட்டுல படுத்தவன் அப்படியே தூங்கிட்டன். இன்னிக்குன்னு நெனப்பே இல்ல."

பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ் கிடைக்கவில்லை என்று ஒரு பொய்யாவது நீ சொல்லியிருக்கலாம். பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். நான் மண்வெட்டியை உன் காலடியில் போட்டுவிட்டு நடந்தேன்.

அடுத்த சில வருடங்களில் எனக்குப் பின்னால் பதிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் வந்தது. என்னோடு படித்த ஒருவன் குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் கணக்கு வாத்தியார் ஆனான். காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், கேட் பாஸின் நிறம் மாறியது, நாம் அதே பெல்ட் ஓரத்தில் நின்றோம். பதினேழு வருடம் உன்னோடு வேலையைத் தவிர வேறெதுவும் நான் பேசவில்லை.

அந்தப் பதினேழு வருடமும் நீ பதினைந்து நிமிடம் முன்னால் வந்தாய். மழையிலும் வந்தாய், உன் மகள் கல்யாணத்துக்கு மறுநாளும் வந்தாய். இரண்டு தட்டு, பிறகு மண்வெட்டிக்காகக் கையை நீட்டுவாய். வாத்தியாரே என்று மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாளும் கூப்பிடவில்லை. அந்தக் கால் மணியை எனக்குச் சேர வேண்டிய வட்டிபோல் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முந்தைய ஷிப்டில் நின்றவரை மாற்றிவிட நான் என்றைக்கும் சரியான நேரத்துக்குத்தான் போனேன். ஒரு நிமிடம் முன்னால் போனதில்லை.

நீ படுத்த படுக்கையான பிறகுதான் உன் வீட்டுக்கு முதல்முறையாக வந்தேன். உன் மனைவி காப்பி வைக்க உள்ளே போனதும், நீ மெல்லச் சொன்னாய்.

"நாலு வருசம் முன்னாடி, எங்க சின்னதுக்கு எம்ப்ளாய்மெண்ட்டுல பதிய மந்தாரக்குப்பத்துல கம்ப்யூட்டர் கடைக்குப் போனன். அங்க சொன்னாங்க, புதுப்பிக்க மாசம் தாண்டியும் ரெண்டு மாசம் டைம் உண்டாமே?"

அன்றைய கடைசி நாள் அந்த இரண்டு மாதத்துக்கும் கடைசி நாள்; அத்தனை நாளும் என்னிடம் இருந்தது. கூட்டம் குறையட்டும், சம்பளம் வரட்டும் என்று நாளைத் தள்ளிக் கடைசி மதியத்தில் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்தான். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அப்ப ஏன்டா அன்னிக்கே வந்து என்ன கேக்கல? நாலு பேரு முன்னாடி கேட்டிருக்கலாமே?"

"கேட்டு? என் மேலயும் கோவப்படாம, நீ யாரு மேலதான் கோவப்படுவ?" என்று சிரித்தாய். இருமல் வந்தது. "தூங்குனது நாந்தான? அது பொய்யா?"

காப்பி வந்தது. நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அது நமக்குள் வழக்கமில்லை. இத்தனை வருடம் உன் மேல் வைத்திருந்த கோபத்தில் என் பங்கை இப்போது எடுத்துக்கொண்டேன். மீதி உன் மேலேயே இருக்கட்டும். தூங்கியவன் நீதானே.

ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். என் கேட் பாஸை அவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளும் நாள்வரை நான் பதினைந்து நிமிடம் முன்னால் போவேன். காய்ச்சலானாலும் போவேன். இதை அன்பு என்று எண்ணிவிடாதே, வீம்புதான். என்னால் ஒருவனுடைய பஸ் தவறியது என்று யாரும் சொல்லக் கூடாது.

இன்று மண்வெட்டியை என் கையில் கொடுத்ததும் அந்த மனிதர் சாலையை நோக்கி ஏறக்குறைய ஓடினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் இன்று எதற்காவது கடைசி நாளாக இருக்கலாம்.